மூன்று எஸ் எடுத்தவர் கணிதம் படிப்பிக்கலாமா?

கேள்வி: நான் மல்லாவிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 21. கணிதப் பிரிவில் உயர்தரம் இரண்டு தடவை எழுதினேன். இரண்டாம் தடவை மூன்று பாடத்திலும் எஸ், ஆகக் குறைந்த சித்தி. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ரீச்சராக வர வேண்டும் என்பது கனகால ஆசை. கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க யோசிக்கிறேன். அப்பா மூன்றாம் தடவையும் சோதினை எழுதச் சொல்கிறார். கணிதத்துக்குப் போடுவதா, விஞ்ஞானத்துக்கா என்பதும் குழப்பம். உண்மையில், எஸ் எடுத்த நான் மற்றப் பிள்ளைகளுக்கு என்னத்தைப் படிப்பிப்பது என்று பயமாக இருக்கிறது. ஒரு பிள்ளை எழும்பிக் கேள்வி கேட்டு எனக்குப் பதில் தெரியாமல் போனால்? அழைப்பு வரும் வரை வீட்டில் இருந்தபடி எப்படித் தயாராகலாம்?

பதில்: பிள்ளை, பயத்தைப் பற்றிக் கேட்டதை முதலில் எடுக்கிறேன். மற்றக் கேள்விகளுக்கும் பாதி வழி அதிலேயே கிடைத்துவிடும்.

உயர்தரத்தில் எஸ் என்றால் இணைந்த கணிதத்தில் உங்களுக்கு ஓட்டைகள் இருக்கின்றன என்றுதான் பொருள். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. இன்றைக்கே உங்களை உயர்தர வகுப்புக்கு அனுப்பினால் தடுமாறுவீர்கள். ஆனால் கல்வியியற் கல்லூரியில் கணிதம் முடித்து வருபவரின் கைக்குப் பெரும்பாலும் வந்து சேருவது தரம் 6 இலிருந்து 11 வரையான வகுப்புகள். அங்கே வேண்டியது வேறு வகை அறிவு. தொகையிடலைத் தண்ணீர்பட்ட பாடாகச் செய்கிற பட்டதாரிகளிடம், "பின்னத்தால் வகுக்கும்போது ஏன் அதைத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்?" என்று கேட்டிருக்கிறேன். "அது விதி சேர்" என்பார்கள். விதி சரி, ஏன் என்றால் மௌனம். அந்த "ஏன்" உங்களிடம் இருந்தால் தரம் 7 வகுப்பில் அந்தப் பட்டதாரியைவிட நீங்கள் நல்ல ரீச்சர்.

கணிதத்துக்கு ஆசிரிய ஆலோசகராக வன்னிப் பாடசாலைகளின் கடைசி வாங்கில் இருந்து பாடம் பார்த்தே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போனது. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகள் சாதாரண தரத்தில் விழுவது திரிகோணகணிதத்திலோ வட்டத் தேற்றத்திலோ அல்ல. தரம் 5க்கும் 8க்கும் இடையில் எங்கேயோ விழுந்துவிட்டார்கள். பின்னம் பிடிபடவில்லை, மறை எண் பிடிபடவில்லை, சமன்பாட்டில் சமன் அடையாளம் என்ன சொல்கிறது என்பது பிடிபடவில்லை. 11ஆம் வகுப்பில்தான் அது வெளியே தெரிகிறது. சாதாரண தர வினாத்தாளையே எடுத்துப் பாருங்கள். முதலாம் பத்திரத்தின் முதற் பகுதியில் 25 சின்னக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அதில் பெரும்பாலானவை அடிப்படையைத் தொட்டுக் கேட்பவை. சித்திக்கு 35 புள்ளி போதும். அந்த 25 கேள்விகளையும் தைரியமாகச் செய்யக்கூடிய பிள்ளை சித்திக்குப் பாதி வழிக்கு மேல் வந்துவிடும்.

ஆகவே உங்கள் தயாரிப்பு தரம் 6 புத்தகத்தில் தொடங்க வேண்டும். வெட்கப்படாதீர்கள். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் இருக்கின்றன. போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்குகளைச் செய்து முடிப்பதற்காகப் படிக்க வேண்டாம், அவை உங்களுக்கு வரும். ஒவ்வொரு விதியிலும் நின்று, அதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு விதி என்ற சொல்லைப் பாவிக்காமல் எப்படிச் சொல்வேன் என்று எழுதிப் பாருங்கள்.

அரையைக் காலால் வகுத்தால் ஏன் இரண்டு? அரைக் கிலோ சீனியைக் கால் கிலோப் பைகளில் கட்டினால் எத்தனை பை வரும் என்று கேளுங்கள், கடைக்குப் போய்வருகிற எந்தப் பிள்ளையும் சொல்லும். ஒரு கிலோவில் நாலு கால் கிலோ இருக்கிறது, அதனால் அரைக் கிலோவை நாலால் பெருக்குகிறோம். தலைகீழாக்கல் அங்கிருந்துதான் வருகிறது. மறை ஐந்துடன் மூன்றைக் கூட்டினால் ஏன் மறை இரண்டு? கடைக் கொப்பியில் 500 ரூபா கடன், 300 கட்டியாயிற்று, இன்னும் 200 கடன். இவை இலகுவானவை. மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் வருகிறது என்பதுதான் பெரிய ஆசிரியர்களையும் மடக்குகிற இடம். உங்களுக்குப் பக்கத்தில் வவுனிக்குளம் இருக்கிறது. சிறுபோகத்துக்குத் துருசு திறந்தபின் நீர்மட்டம் நாளுக்கு இரண்டு அங்குலம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மறை இரண்டு. நாளைக்கு, நாளையின்றைக்கு எல்லாம் நேர் நாட்கள். முந்தநாள், அதற்கு முதல்நாள் எல்லாம் மறை நாட்கள். மூன்று நாளைக்கு முன்னம் குளம் எப்படி இருந்தது? இன்றையைவிட ஆறு அங்குலம் மேலே. மறை மூன்றை மறை இரண்டால் பெருக்கினால் நேர் ஆறு. கமக்காரரின் பிள்ளைக்கு இதை ஒருக்கால் சொன்னால் போதும்.

பைதகரஸ் தேற்றத்துக்கு உங்கள் ஊரில் வீட்டு அத்திவாரம் போடுகிற மேசனைக் கேளுங்கள். ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி என்பார். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் வீடு கட்டுவதைப் பார்க்காத பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஏணியும் சுவரும் வரைந்து தேற்றத்தைத் தொடங்குவது எனக்கு எப்போதும் வீண்வேலையாகத் தெரியும்.

இரண்டாவது வேலை, எனக்கு இதுதான் முக்கியம்: பிழைகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். அயலில் தரம் 6 முதல் 9 வரை படிக்கிற நாலைந்து பிள்ளைகளைப் பின்னேரத்தில் கூப்பிடுங்கள், வீட்டு விறாந்தையோ சனசமூக நிலையமோ போதும். காசு வாங்க வேண்டாம். வாங்கினால் அது ரியூசன் ஆகிவிடும், நீங்களும் புள்ளிக்காக ஓடத் தொடங்குவீர்கள். அவர்களின் கொப்பிகளில் இருக்கிற பிழைகளைத் தனிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருப்பார்கள். 0.4ஐவிட 0.35 பெரிது என்பார்கள், 35 நாலைவிடப் பெரிதல்லவா! எட்டும் நாலும் சமன் "வெற்றிடமும் ஐந்தும்" என்று கொடுத்தால் வெற்றிடத்தில் 12ஐப் போடுவார்கள், ஏனென்றால் சமன் அடையாளம் அவர்களுக்கு "இனி விடை எழுது" என்கிற கட்டளை. மூன்றையும் நாலையும் கூட்டி வர்க்கம் எடுக்கச் சொன்னால் 9ஐயும் 16ஐயும் கூட்டி 25 என்பார்கள்.

இவை கவனக்குறைவினால் வருவன அல்ல. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் பிள்ளையின் சொந்தத் தர்க்கம் ஒன்று இருக்கிறது. "பிழை, திருத்தி எழுது" என்றால் அது உள்ளேயே கிடக்கும். "இது எப்பிடி வந்தது? எனக்கு ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பது கஷ்டம், உடனே திருத்தத்தான் வாய் வரும். பிள்ளை சொல்லச் சொல்ல, பாதியில் தானே நிறுத்தி "ஓ" என்று சொல்வதும் உண்டு. பரீட்சைத் திணைக்களம் சாதாரண தரப் பாடங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கைகள் வெளியிடுகிறது. எந்தக் கேள்வியில் பிள்ளைகள் எப்படிப் பிழை விட்டார்கள் என்று அதில் இருக்கும். பல பாடசாலைகளில் அது அலுமாரியில் தூங்குகிறது. பக்கத்துப் பாடசாலைக் கணித ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வாசியுங்கள். உங்கள் கொப்பியும் அந்த அறிக்கையும் ஒத்துப்போவதைக் காண்பீர்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலரின் பள்ளிப்படிப்பு இடம்பெயர்வுகளில் அறுந்துபோனது. உங்கள் வயதுக்காரர் சிலருக்கு அரிவரியே செட்டிகுள முகாம்களில்தான் தொடங்கியது. ஆகவே "வீட்டில் கேட்டுச் செய்துகொண்டு வா" என்று வீட்டுவேலை கொடுத்தால் பல வீடுகளில் கேட்பதற்கு ஆள் இல்லை. வீட்டுவேலை கொடுப்பதென்றால் பிள்ளை தனியே செய்யக்கூடியதைக் கொடுக்க வேண்டும்.

சரி, கணிதமா விஞ்ஞானமா?

என் எண்ணம் கணிதம். சாதாரண தர விஞ்ஞானத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் உயிரியல் வருகிறது. கணிதப் பிரிவில் படித்த நீங்கள் அதை விட்டு நாலைந்து வருடம். எந்தப் பாடநெறிக்கு எந்த உயர்தரப் பாடங்கள் வேண்டும் என்பது ஒவ்வொரு வருட அறிவித்தலிலும் இருக்கும், அதையும் பாருங்கள். ஆனால் கணிதத்துக்குப் போனால் விஞ்ஞானம் உங்களை விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துச் சின்னப் பாடசாலை ஒன்றுக்குப் போனால் விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப் போன அடுத்த கிழமையே அதிபர் தரம் 7 விஞ்ஞானத்தை உங்கள் தலையில் கட்டுவார். அதனால் அதற்கும் கொஞ்சம் தயாராக இருங்கள்.

ஆய்வுகூடம் இல்லை என்பதை எங்கள் பக்கத்தில் பெரிய சாட்டாகச் சொல்வார்கள். உயர்தரத்துக்கு அது உண்மை. தரம் 6 முதல் 9 வரைக்கும் பாதி உண்மை. மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறது என்பதை ஆரத்தி எடுத்த எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள். மஞ்சள் அமிலமா மூலமா என்று நிறத்தால் காட்டிக்கொடுக்கிற ஒரு காட்டி, சுண்ணாம்பு ஒரு மூலம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தச் சிவப்புத் தண்ணியில் தேசிக்காயைப் பிழிந்தால் திரும்ப மஞ்சள் ஆகும். செவ்வரத்தம் பூவிலும் காட்டி செய்யலாம். கேத்திலின் அடியில் படிந்த வெள்ளையில் வினாகிரி ஊற்றினால் பொங்கும். கிணற்றுத் தண்ணியின் கல்சியம் காபனேற்று அது, பொங்கி வருவது காபனீரொட்சைட்டு. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் உங்கள் ஊருக்குச் சூரியன் நேர் உச்சியில் வரும். முற்றத்தில் ஒரு தடியை நிமிர்த்தி நட்டு, பகல் 12.10 மணியளவில் பார்த்தால் நிழல் தடியின் காலடிக்குள் ஒடுங்கியிருக்கும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தரம் நடக்கும். ஒரு சதம் செலவில்லை.

விஞ்ஞானத்திலும் பிழைக்கொப்பி வையுங்கள். "பயிருக்குச் சாப்பாடு யூரியா" என்று கமக்காரரின் பிள்ளை எழுதும். அடிக்கவேண்டிய பிழை அல்ல, தகப்பன் அப்படித்தான் கதைக்கிறார். நெல்லுக்குள் இருக்கும் மாப்பொருளின் காபன் காற்றிலிருந்த காபனீரொட்சைட்டிலிருந்து ஒளித்தொகுப்பால் வந்தது, யூரியா கொடுப்பது நைதரசனை என்று அங்கே பிரித்துக் காட்ட வேண்டும். அதே யூரியாவைத் தரம் 11க்கும் கொண்டுபோகலாம்: காபன் 12, ஒட்சிசன் 16, நைதரசன் இரண்டுக்கு 28, ஐதரசன் நாலுக்கு 4, மொத்தம் 60, அதுதான் யூரியாவின் சார் மூலக்கூற்றுத் திணிவு. 28ஐ 60ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 46.7 சதவீதம். உரப்பையில் 46 என்று அச்சடித்திருப்பது இதுதான். அப்போ 50 கிலோ மூடையில் 23 கிலோ நைதரசன். சார் மூலக்கூற்றுத் திணிவு என்றால் கண்ணை மூடுகிற பிள்ளை, தகப்பன் காசு கொடுத்து வாங்கிய மூடை என்றால் நிமிர்ந்து உட்காரும். இன்னொரு பிழை: சூரியனுக்குக் கிட்டப் போவதால்தான் வெயில் காலம் வருகிறது என்பது. பூமி சூரியனுக்கு ஆகக் கிட்ட வருவது ஜனவரி தொடக்கத்தில். அப்போது வன்னியில் விடியப்புறம் பனி கொட்டும். பிள்ளைகளே அதைச் சொல்லித் தங்கள் எண்ணத்தை மறுக்கட்டும்.

பிள்ளை கேட்டுத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் சின்னது. "எனக்கு இப்ப சரியாத் தெரியேல்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்லுறன்" என்று சொல்லி, கேள்வியைக் கரும்பலகையின் ஒரு மூலையில் எழுதி வையுங்கள். அடுத்தநாள் கட்டாயம் பதிலோடு போங்கள். போகாமல் விட்டால்தான் மரியாதை கெடும். தெரியாததை மறைக்க "அது சிலபஸில் இல்லை" என்பவர்களைப் பிள்ளைகள் இரண்டு கிழமைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி வழி. நாட்டில் பல இடங்களில் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களுக்குக் கிட்ட இருப்பது வவுனியா பூந்தோட்டத்தில், அடுத்தது கோப்பாயில். மூன்று வருடம், முதல் இரண்டும் கல்லூரியில் தங்கிப் படிப்பது, மூன்றாவது பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. அந்த மூன்றாம் வருடத்தைப் பலர் குறிப்புக் கொப்பி நிரப்புவதிலேயே கழித்துவிடுகிறார்கள். நீங்கள் நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் போய் இருக்க அனுமதி கேளுங்கள். அவர் எங்கே நிறுத்துகிறார், யாரைக் கேட்கிறார், விடை பிழைத்தால் முகத்தை எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பாடத்திட்டம் எழுதுவதைக் கல்லூரி சொல்லித்தரும், இதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தராது. நியமனம் கிடைத்தபின் படிப்பு முடிந்துவிடுவதில்லை. தேசிய கல்வி நிறுவகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் கல்விமாணிப் பட்டம் செய்யலாம். அதற்காக இப்போதே ஆங்கிலத்தில் தரம் 8 கணிதப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்குங்கள். கணக்கு தெரிந்ததுதான், மொழி மட்டும் புதிது. அதைவிட இலகுவான ஆங்கிலப் பாடம் கிடையாது.

மற்ற வழி பட்டம். அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக் கணக்கு இருக்கிறது, உங்களுக்கு ஒன்று மிச்சம். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். முல்லைத்தீவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. எல்லாரும் பொறியியல் வெட்டுப்புள்ளியை மட்டும் பார்த்துக் கையை விரிக்கிறார்கள். ரீச்சராக வர நினைக்கிற உங்களுக்குப் பொறியியல் எதற்கு? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிக விஞ்ஞானம், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பம்பைமடுவில் இருக்கிற பிரயோக விஞ்ஞான பீடம், இவற்றின் வெட்டுப்புள்ளிகள் அதைவிடக் கீழே. எஸ் ஒன்று சி ஆனாலே நிலைமை மாறலாம். விஞ்ஞானப் பட்டத்தோடு வந்து பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் செய்தால் உயர்தர வகுப்பும் உங்களுக்குத் திறந்திருக்கும். ஆனால் பட்டதாரி நியமனம் எப்போது வரும் என்று யாராலும் திகதி சொல்ல முடியாது. போட்டிப் பரீட்சை, நேர்முகம் என்று காத்திருக்க வேண்டிவரும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மூன்றாம் தடவைக்கு விண்ணப்பியுங்கள், கல்லூரிக்கும் விண்ணப்பியுங்கள். ஆனால் மூன்று பாடத்தையும் ஒரே மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இதே குறிப்பு, இதே ரியூசன் என்று ஓடினால் இதே எஸ்தான் வரும். பழைய விடைத்தாளில் எந்த அலகில் புள்ளி போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் நாலு அலகை எடுத்து அடியிலிருந்து கட்டுங்கள். பின்னேர வகுப்புப் பிள்ளைகளோடு செலவழிக்கும் நேரம் வீண் என்று அப்பா சொல்லக்கூடும். அட்சரகணிதத்தில் உங்களுக்கு இருக்கிற தளர்ச்சி பாதி அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே இறுகும் என்று அவருக்குச் சொல்லுங்கள். இதற்கிடையில் கல்லூரி அழைப்பு வந்தால், பெறுபேறு வரட்டும் என்று அதைக் கைவிட வேண்டாம். போங்கள்.

கடைசியாக ஓர் அலுவல். பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள், அடையாள அட்டை எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று இந்தக் கிழமையே பாருங்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கு மூலப் பத்திரங்கள் தொலைந்து, பிறகு எடுத்த பிரதிகளில் ஓர் எழுத்து மாறியிருக்கும். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும்போது அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு அலைய முடியாது. வதிவிடத்தை உறுதிப்படுத்துகிற கடிதத்துக்கு என்னென்ன தேவை என்று கிராம அலுவலரிடமும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.